தகரக் கூரையும் மதியத் தூக்கமும்

எங்கள் வீட்டுக்காரர் தூங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. கண்ணை மூடவே இல்லை என்று சொல்லவில்லை. மூடுவார், புரளுவார், எழுந்து உட்காருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் படுப்பார். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கத்துக்கே கோபம் வரும்.

அவருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் பாயை விரிப்பார். மற்ற மாதங்களில் இதில் ஒரு குறையும் இல்லை, படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். ஆனால் இரண்டு மூன்று வருடங்களாக வெயில் காலம் பழைய வெயில் காலமாக இல்லை. சீக்கிரமே வந்துவிடுகிறது, வந்தால் போகிற எண்ணமே இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டுக் கூரை தகரம். ஒன்பதரை மணிக்கே அது சூடேறி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பிக்கும். பத்து மணிக்கு மேல் மின்விசிறி போட்டால் அடுப்புச் சூட்டை அள்ளி மூஞ்சியில் கொட்டும்.

மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் படுத்தார். ஒரு நாள் பேருந்து நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் போய்ப் படுத்தார், அங்கே இருந்த காவலாளி வந்து தட்டி எழுப்பித் துரத்திவிட்டாராம். காவலாளியைக் காவலாளியே விரட்டிய கதையை வந்து அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் கிடங்கின் மேலாளர் விடியும் முன்பே வந்து, இவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் பார்த்திருந்தார். அங்கே ஒரு சட்டம் உண்டு. மூன்று முறை அகப்பட்டால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வேலை போனால் இன்னொரு வேலையைத் தட்டில் வைத்துக் கொடுக்க யாரும் வாசலில் காத்திருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் டிகிரிப் பொண்ணு எங்கள் சந்துக்கு வந்தாள். அவளுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் வந்த நாளிலிருந்து வெளியே எத்தனை டிகிரி வெயில், உள்ளே எத்தனை டிகிரி சூடு என்றே பேசியதால் சந்தில் எல்லோருக்கும் அவள் டிகிரிப் பொண்ணு. ஏழைகள் இருக்கிற தெருக்களில் வெயிலைத் தாங்க ஏதாவது செய்து கொடுக்கிற ஓர் அமைப்பில் வேலை. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை மீட்டர் வைத்திருந்தாள், வீட்டுக்குள் வைத்தால் எவ்வளவு சூடு என்று எண் காட்டும். வீட்டுக்கொன்றாக வைக்க ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் சந்தில் இருபத்திரண்டு வீடு, பின் சந்தில் பத்தொன்பது. சந்துக்கு மூன்று நாள் மதியம் இரண்டு மணிக்கு வருவேன், வீட்டுச் சூட்டை அளந்து பார்ப்பேன், பிறகு ஏதாவது உதவி செய்ய முடியுமா என்று யோசிப்போம் என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள், "நீங்க எப்பவும் போல இருங்க, எனக்காக எதுவும் செய்ய வேணாம்."

வெளியாள் ஒருத்தி வீட்டுக்குள் வரப்போகிறாள் என்றால் எந்த வீட்டில் எப்பவும் போல இருப்பார்கள்? அதிலும் நான் எப்படி இருப்பேன்?

நான் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிறவள். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. பதினாறு வருடமாக என் கைக்கு ஒரே வேலைதான், விருந்தாளி கதவைத் திறக்கும்போது அறை அவருக்காகக் காத்திருந்த மாதிரி இருக்க வேண்டும். தரையை இரண்டு முறை ஈரத் துணியால் துடை, திரையை இழுத்து மூடு, இருபது நிமிடம் முன்பாகவே விசிறியைச் சுழலவிடு. உள்ளே கால் வைத்ததும் அவர் 'அப்பாடா' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். இறங்கியதோடு விட்டேனா, வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் இறக்கினேன். எதிர்வீட்டக்கா ஒரு தையல் ஆலைக்காக வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறவர், அவர் வீட்டில் துணி மூட்டை கூரை வரைக்கும் இருக்கும். இதைப் பார்த்தால் அந்தப் பெண் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள் என்று கேட்டு, மூட்டைகளை நானே பக்கத்துச் சுவரோரம் அடுக்கினேன். வாசலில் ஈரப் போர்வை தொங்கவிடச் சொன்னேன். ஒன்றரை மணிக்கு இரண்டு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். கூரை மேலும் நாலு வாளி வீசச் சொன்னேன். அந்த நேரத்தில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்றேன். விசிறி இல்லாத மூன்று வீட்டுக்கு விசிறி இரவல் வாங்கிக் கொடுத்தேன். மொத்தச் சந்தும் எனக்குக் கட்டுப்பட்டது. நினைத்தால் இப்போதும் காதெல்லாம் சுடுகிறது.

எங்கள் வீட்டில் இன்னொரு காரியமும் செய்தேன். விருந்தாளி வரும்போது நடு வீட்டில் ஓர் ஆம்பளை துண்டோடு படுத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? மூன்று நாளும் ஒன்றரை மணிக்கு அவரை எழுப்பி, முடிதிருத்தும் கடையில் போய் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

டிகிரிப் பொண்ணு வந்தாள். ஈரப் போர்வையை விலக்கி உள்ளே வந்ததும் 'அப்பாடா' என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். மீட்டரை அலமாரியில் வைத்துவிட்டு மற்ற வீடுகளிலும் வைக்கப் போனாள், இருபது நிமிடம் கழித்து வந்து எண்ணை எழுதிக்கொண்டு போனாள். இருபத்திரண்டு வீட்டிலும் அவளுக்கு இதே மரியாதைதான். மூன்றாம் நாள் போகும்போது, நான் போன எந்தத் தெருவிலும் இப்படி இல்லை அக்கா என்றாள். நானும் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது முறையும் மேலாளரிடம் அகப்பட்டுவிட்டார். அந்த மூன்று நாளும் படுத்திருந்த கொஞ்ச நேரத்தையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

நாலு நாள் கழித்துக் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். எந்தச் சந்தில் வீட்டுச் சூடு சராசரி முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டுகிறதோ அந்தச் சந்துக்கு இந்த வெயிலிலேயே. மற்றவர்களுக்கு அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். பின் சந்து நாற்பத்தொன்று. எங்கள் சந்து முப்பத்துநாலு.

குழாயடியில் ஒரே ரகளை. பின் சந்துக்காரர்கள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் அடுப்பைக் கொளுத்தி வைத்திருப்பார்கள் என்றார் எதிர்வீட்டக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படியே, அதே மதிய வெயிலில், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பின் சந்துக்குக் கிளம்பினேன்.

சண்டை போட அங்கே ஆளே இல்லை. பதினெட்டு வீடு பூட்டிக் கிடந்தது. அந்தச் சந்தில் முக்கால்வாசிப் பேர் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவர்கள், இருட்டினால்தான் வீடு திரும்புவார்கள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விசாரித்தேன். எல்லோரும் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம், டிகிரிப் பொண்ணு தானே திறந்து, தானே அளந்து, தானே பூட்டிவிட்டுப் போனாளாம். யாரும் வரவேற்கவும் இல்லை, தரை துடைக்கவும் இல்லை. வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்றாள். பார்த்தேன். எங்கள் வீட்டில் தினம் இரண்டு மணிக்கு இருக்கிற அதே சூடுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏமாற்றியது அவர்கள் இல்லை. இருபத்திரண்டு வீட்டின் தலையிலும் மண்ணை வாரிப் போட்டது நான். எங்கள் வீட்டுக்காரர் தூக்கத்தையும் வேலையையும் சேர்த்து, என் இரண்டு கையாலேயே துடைத்துத் தள்ளியிருக்கிறேன்.

அன்று மாலையே டிகிரிப் பொண்ணின் அலுவலகத்துக்குப் போனேன். கைபேசிக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. மூலையில் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஈரப் போர்வை, இரண்டு குடம் தண்ணீர், இரவல் விசிறி, முடிதிருத்தும் கடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினேன்.

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, சூடு அதிகமா இருக்கிற வீட்டுக்குத்தான் பெயின்ட்னு முதல்லயே சொன்னா, அடுப்பைப் பத்தவச்சு ஏமாத்திடுவீங்கன்னு பயந்துதான் நான் சொல்லல."

"நாங்க அப்படிச் செய்யல. வேற மாதிரி செஞ்சோம்."

"ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"நீ வர்றேன்னு சொன்னியே, அதான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தப்பு தன் பக்கம்தான் என்றாள். ஆள் வருகிற நேரம் தெரிந்தால் வீடு வேஷம் போட்டுக்கொள்ளும் என்று தனக்கு யாரும் படிப்பில் சொல்லித்தரவில்லை என்றாள். அறிக்கை மேலே போய்விட்டது, அந்த எண்கள் தப்பு என்று தன் மேலதிகாரியிடம் இவள் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அக்கா, என் வாயாலேயே சொல்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

எங்கள் சந்துப் பெண்களிடம் ஒப்புக்கொள்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. குழாயடியில் குடங்கள் நிறைகிற நேரம் பார்த்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, நீங்கள் என் பேச்சைக் கேட்டீர்கள், அவ்வளவுதான் என்றேன். பிறகு எதிர்வீட்டக்கா, நல்ல வேளை எங்களை வெள்ளையடிக்கச் சொல்லாமல் விட்டாயே என்றார். அதற்கு ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். என்னைத் திட்டவும் திட்டினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலதிகாரி மறுபடி அளக்கச் சொல்லிவிட்டாராம். இரண்டாவது முறை அளக்கும்போது டிகிரிப் பொண்ணு மீட்டர்களை வீடுகளில் விட்டுவிட்டே போனாள். அலமாரியில் அது பாட்டுக்கு மூன்று நாள் இருக்கும், மதியச் சூட்டைத் தானே பதிந்துகொள்ளும், யாரும் தொடக் கூடாது. இம்முறை எதிர்வீட்டக்காவுக்கு ஆசை விடவில்லை. மீட்டருக்குக் கீழே அடுப்பை ஒரு பத்து நிமிடம் எரியவிட்டால் என்ன என்று என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்.

"அக்கா, நம்ம வீட்டுச் சூட்டுக்கு நம்ம உதவி எதுவும் வேணாம். அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பொத்தான் மூட்டைகள் பழைய இடத்துக்கு வந்தன. நான் தரையைத் துடைக்கவில்லை. கை பரபரத்தது, துடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நடு வீட்டில் துண்டோடு புரண்டுகொண்டிருந்தார். இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளைப் பெட்டி நாற்பத்திரண்டு என்றது. சந்து முழுக்கச் சேர்த்துச் சராசரி நாற்பத்தொன்றரை வந்தது. என் வாழ்க்கையில் வெயில் அடித்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஆனால் பெயின்ட் வர இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் கிடங்கில் நாற்காலியைத் தூக்கி ஓரமாகக் கவிழ்த்துவிட்டாராம். உட்கார்ந்தால்தானே தூக்கம் வரும் என்று வேலை முடியும் வரை நடந்துகொண்டே இருந்திருக்கிறார். காலையில் கால் வீங்கி வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முதலில் அவர் சட்டையைப் பார்ப்பேன். சீருடை உடம்பில் இருக்கிறதா, அப்படியானால் வேலை இருக்கிறது. பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் பெயின்ட் வந்தது. அடிக்கிறதுக்கு முன்னால் கூரையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எங்கள் கூரைகள் மேல் என்னென்ன குடியிருக்கிறது என்று தெரிந்தது. காற்றில் தகரம் பறக்காமல் இருக்க வைத்த செங்கல், லாரி டயர், மண் மூட்டை, ஓட்டை வாளி, யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு சைக்கிள் சட்டம். எல்லாவற்றையும் இறக்கி, தகரத்தைத் திருகாணி போட்டு முடுக்கி, துருவைச் சுரண்டி, கழுவிக் காயவைத்தோம். பிறகு நீளக் குச்சியில் மாட்டிய உருளைகளோடு பெண்களே மேலே ஏறினோம். காலை ஆறு முதல் எட்டரை வரைக்கும்தான், அதற்கு மேல் தகரத்தில் கால் வைக்க முடியாது. விடுதியில் மூன்று நாள் விடுப்புச் சொன்னேன். பதினாறு வருடத்தில் அது எனக்கு இரண்டாவது விடுப்பு.

அவர் வேலையிலிருந்து நேராக வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே கண்ணை மூடுவார், ஏணி ஆடும், நான் மேலிருந்து கத்துவேன். எதிர்வீட்டக்கா மேலே நின்று, உங்கள் வீட்டுக்காரரை நம்பி நான் உயிரை வைக்க மாட்டேன் என்று இறங்கி, ஏணியைச் சுவரில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு மறுபடி ஏறினார். எங்கள் வீட்டுக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எல்லோருக்கும் தலைமுடியில் வெள்ளை, மூக்கில் வெள்ளை. முதல் பூச்சு ஒரு நாள், காயவிட்டு இரண்டாம் பூச்சு அதற்கு அடுத்த நாள். முடிந்ததும் கீழே இறங்கி நின்று பார்த்தால் கண் கூசியது. துருப்பிடித்துப் போயிருந்த எங்கள் கூரைகளுக்கு இவ்வளவு வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

விடுப்பு முடிந்து நான் விடுதிக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து, கடைக்குப் போய், வீட்டுக்கு வரும்போது ஒன்றே கால். கதவு ஒருக்களித்திருந்தது. தகரத்தின் டிக் டிக் சத்தம் இல்லை என்பது வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன்.

ஜில்லென்று ஆகிவிடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். வெயில் காலத்துச் சாதாரண வீடு மாதிரி இருந்தது, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீடுகள் எப்படி இருந்தனவோ அப்படி. விசிறி காற்றைத்தான் வீசியது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினார். இடுப்பு வரைக்கும் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். போர்வை! நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, எதிர்வீட்டக்காவைத் தவிர.

உள்ளே போகவில்லை. போனால் பாத்திரம் உருளும், குழாய் திறக்கும், என் கை சும்மா இருக்காது.

சரியாக இரண்டு மணிக்கு டிகிரிப் பொண்ணு வந்தாள். கையில் மீட்டர், நோட்டு. பெயின்ட் அடித்த பிறகு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும், முதல் வீடு உங்களுடையதுதான் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எழுந்து கதவை மறைத்து நின்றேன்.

"இப்ப உள்ள வராதம்மா. அவர் தூங்குறார்."

"வச்சுட்டு வந்துடறேன்க்கா, சத்தமே போட மாட்டேன்."

"வேணாம். நாளைக்கு வா. நாளைக்கும் தூங்கினா அடுத்த நாள் வா."

"அக்கா, ரெண்டு மணிக்கு நான் ஏதாவது எழுதியாகணுமே."

"எழுதிக்கோ. ரெண்டு மணி, ஆள் தூங்குறார்."

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குரல் தானாக இறங்கிவிட்டது. நோட்டைப் பிரித்து, எங்கள் வீட்டுக்கு நேரே எண் எழுத வேண்டிய கட்டத்தில், நான் சொன்னதை அப்படியே எழுதினாள். எழுதியதை எனக்குக் காட்டினாள். பிறகு மற்ற வீடுகளுக்குப் போகாமல், படியில் என் பக்கத்தில் சுவர் நிழலில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை, டம்ளர்கள் அவர் தலைமாட்டில் இருந்தன. மூன்றேகால் மணிக்கு அவர் தானாக எழுந்து வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.